கண்ணைச் சிமிட்டச் சொன்ன வங்கி

"கண்ணைச் சிமிட்டவும்" என்றது கைப்பேசித் திரை. எந்தக் கண்ணை? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த வெல்டருக்கு இரண்டு கண்ணிலும் கட்டு.

வியர்வையைத் துடைக்கப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஓர் இரும்புத் துணுக்கு தெறித்து வலக்கண்ணில் இறங்கிவிட்டது. நல்ல கண் அசைந்தால் அடிபட்ட கண்ணும் கூடவே அசையும் என்று டாக்டர் இரண்டையும் மூடிவிட்டார். "சிமிட்டவே கூடாது. துணுக்கு இன்னும் உள்ள போச்சுன்னா பார்வை போயிடும்." ஆபரேஷன் உடனே நடக்க வேண்டும், முன்பணம் கட்டினால்தான் நடக்கும்.

பணம் இல்லாமலா? இருந்தது, கொழுகொழுவென்று. ஆனால் அது கிளையே இல்லாத ஒரு கைப்பேசி வங்கியில் கிடந்தது.

தையல்காரியான அவர் மனைவிதான் அந்த வங்கியைப் பிடித்துக்கொண்டு வந்தவள். பழைய வங்கியைப் போல மூன்று மடங்கு வட்டி. வருடக்கணக்கில் பூட்டிவைக்கவும் வேண்டாம், நினைத்தபோது எடுக்கலாம். இருப்பு கூடினால் வட்டியும் கூடும் என்றதும், தன் தையல் காசையும் வழித்துத் துடைத்து அவர் கணக்கில் போட்டாள். "ஆளே இல்லாத பேங்க். நாளைக்கு ஒண்ணுன்னா யார்கிட்ட போய் நிக்கிறது?" என்று அவர் முனகினார். "உங்க பழைய பேங்க்ல ஆள் இருக்காரு, வட்டிதான் இல்ல" என்று அவர் வாயை அடைத்தாள். சூடு பட்டுப் பட்டு அவருடைய விரல்ரேகை தேய்ந்திருந்ததால் முகத்தை வைத்தே கணக்கைத் திறந்தார்கள்; பணம் எடுக்கவும் கேமராவைப் பார்த்துச் சிமிட்ட வேண்டும்.

இப்போது உதவி எண்ணை ஸ்பீக்கரில் போட்டாள். பாட்டு ஓடி ஓடி, ஒருவழியாக ஒரு பெண் வந்தாள். "கவலைப்படாதீங்க மேடம், உங்க பணம் ரொம்பப் பாதுகாப்பா இருக்கு."

"எனக்கே தராத அளவுக்கா?"

"கணக்கு அவர் பேர்ல இருக்கு. அவர்தான் சிமிட்டணும்."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். ஆனால் வெல்டருக்குக் காது நன்றாகத்தானே கேட்கும்.

"கட்டை எடு."

"வேண்டாங்க, பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? காசு கட்டலைன்னாலும் கண்ணு போகும். எடு."

அவள் அசையவில்லை. அவரே தடவித் தடவி இரண்டு கட்டையும் பிய்த்தார். அவள் கைப்பேசியை நீட்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிமிட்டினார். வலக்கண்ணிலிருந்து சிவப்பாக ஒரு கோடு கன்னத்தில் இறங்கியது.

"வெளிச்சம் போதவில்லை. மீண்டும் சிமிட்டவும்" என்று திரையில் எழுத்து வந்தது.

கண்ணீரில் எழுத்து தெரியாமல், "ஆச்சா?" என்று அவர் கேட்டார்.

இன்னொரு தடவை என்று சொன்னால் இந்த மனிதர் சிமிட்டிவிடுவார்.

"ஆச்சுங்க" என்றாள். "கண்ண மூடிக்கோங்க." கட்டைத் திரும்பப் போட்டாள். பணம் கட்டும் இடத்துக்குப் போனாள், காலில் விழுந்தாவது கேட்டுப் பார்க்கலாம் என்று.

வாசலைத் தாண்டும்போது உள்ளே வெல்டரின் குரல் கேட்டது. "சிஸ்டர், பணம் கட்டியாச்சு. சீக்கிரம் என்னைக் கூட்டிட்டுப் போங்க."