ஓடாதவனுக்கு நட்ட கல்

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவன், பாலத்தருகே நின்ற கல்லில் என் பெயரைக் கண்டு நின்றேன். எங்கள் வடநாட்டு ரூன் எழுத்துகள் கூறின: ‘ஆஸ்கௌத் கிழக்கே போரில் மாண்டான். அவன் ஓடவில்லை.’

கல்லின் எழுத்துகளுக்குச் செஞ்சாயம் பூசிக்கொண்டிருந்த என் தம்பி ஹோல்ம்ஃபாஸ்ட் திரும்பிப் பார்த்து வெளிறிப்போனான்.

“உயிரோட இருக்கறவனுக்குக் கல்லு நட்டிருக்கியேடா, மடையா!”

“கூடப் போன பதினெட்டுப் பேரும் செத்துட்டாங்க. நீ மட்டும் எப்படிண்ணே வந்தே? ஓடிட்டியா?”

நான் கல்லிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டேன்.

“இந்தக் கல்லைப் பார்த்துத்தான் உன் மகளை ஊர்த் தலைவர் வீட்டுல பொண்ணு கேட்டாங்க. நாளைக்குக் கல்யாணம். போ, போய் ஓடி வந்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லு.”

பாலத்தில் குளம்படி கேட்டது. தம்பி என் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துவிட்டு, சாயக் கிண்ணத்தைக் கையில் திணித்தான்.

“கூலியாள்னு சொல்லிக்கறேன். குனிஞ்சு பூசு.”

விருந்தாளிகளோடு வந்த என் மகள் குதிரையிலிருந்து இறங்கி, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“அந்த ‘ஓடவில்லை’யை மட்டும் இன்னும் நல்லா அழுத்திப் பூசுங்க. தூரத்துலேர்ந்தே தெரியணும்.”