கறுப்பு ஏறாத புத்தகம்

அது வலது கையா, இடது கையா என்பதில் இப்போதும் சந்தேகம் இருக்கிறது. மகளைக் கேட்டால் ஒருநாள் வலது என்கிறாள். இன்னொரு நாள், இல்லை, ஜன்னல் பக்கம் இருந்த கை, அப்படியானால் இடதுதான் என்கிறாள். அவள் சொல்லக் கேட்டதை வைத்துத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுவில் எங்காவது முன்பின்னாகப் போயிருக்கலாம். எந்தக் கையோ, அன்று காலை அவள் தன் அப்பாவின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

மற்றக் கை சும்மா இருக்கவில்லை. போர்வையின் ஓரத்தை இரண்டு விரல்களால் பிடித்து, கொஞ்சம் உயர்த்தி, வெளிச்சத்துக்குக் காட்டிவிட்டுக் கீழே விட்டது. மறுபடியும் பிடித்தது.

பால் டம்ளரோடு வந்த தம்பி கதவருகே நின்றான். "என்னக்கா பண்றார்?"

"தாள் பாக்குறார்டா. கலர் சரியா உக்காந்திருக்கான்னு."

"போர்வைல ஒரே கலர்தானே இருக்கு."

"அதான் நம்ப முடியாம திரும்பத் திரும்பப் பாக்குறார்."

தம்பி சிரித்தான். சிரித்த பிறகு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் அவனுக்கு 'வாண்டு' என்றுதான் பெயர்.

அப்பா வேலை செய்த காலமெல்லாம் ஒரே அச்சகத்தில், ஒரே ஆஃப்செட் இயந்திரத்தின் முன்னால் நின்றவர். அந்தச் சத்தத்தில் காது பாதி போயிற்று. பேச்சு முக்கால்வாசி போயிற்று. வீட்டில் அம்மா இருந்தவரை அவருக்கும் சேர்த்து அம்மா பேசினாள். அம்மா போன பிறகு அந்த வீடு சத்தமில்லாமல் இருக்கப் பழகிக்கொண்டது. நேற்று வந்த டாக்டர், காது கேட்காதவர்தானே என்று அவர் எதிரிலேயே சொல்லிவிட்டார். இன்றைக்கோ நாளைக்கோ.

அவர் மிச்சம் வைத்திருந்த பேச்சில் ஒரு சொல் மட்டும் பிள்ளைகளுக்கு என்றே இருந்தது. "அப்புறம்?"

மகளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில், ஒரு மாலை அவர் சாப்பாட்டுப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பெரிய தாள். இரண்டு பக்கமும் படங்கள், சில தலைகீழாக. அதை மடித்து, மடித்து, ஓரத்தைக் கத்தியால் கிழித்து, நடுவில் இரண்டு பின் அடித்தார். தலைகீழாக இருந்ததெல்லாம் நேராகிப் பதினாறு பக்கப் புத்தகமாயிற்று. அப்படி ஒரு தாளுக்கு அச்சகத்தில் ஒரு ஃபாரம் என்று பெயர். அவள் அதுவரை பார்த்த வித்தைகளில் அதுதான் பெரியது.

ஒரு கரடி தோளில் ஏணியைச் சுமந்துகொண்டு ஊருக்குள் போகிறது. ஒரு பக்கத்தில் மீன்காரி அதை நிறுத்துகிறாள். இன்னொரு பக்கத்தில் ஒரு பூனை ஏணியின் கடைசிப் படியில் தொற்றிக்கொள்கிறது. மழை. ஒரு பாலம். பதினாறாம் பக்கத்தில் ஓர் உயரமான சுவர். கரடி ஏணியைச் சாய்த்து உச்சிப் படிவரை ஏறிவிட்டது. சுவருக்கு மேலாக எட்டிப் பார்க்கிறது. நமக்குத் தெரிவது அதன் முதுகும், பெருவிரலில் எம்பி நிற்கும் பாதங்களும்தான். அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது.

எழுத்தே இல்லை. எழுத்துக்கு உண்டான இடம் மட்டும் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வெள்ளையாக இருந்தது. இன்னொரு விசித்திரம், யாருக்கும் கண் இல்லை. கரடிக்கும் மீன்காரிக்கும் பூனைக்கும் முகத்தில் இரண்டு வெள்ளை வட்டங்கள்.

"கண்ணு எங்கப்பா?" என்று கேட்டாள்.

"கறுப்பு இன்னும் ஏறல" என்றார். மஞ்சள், சிவப்பு, நீலம் ஓடிய பிறகு, கறுப்பு கடைசியில் ஓடும். எழுத்தும் கண்ணும் அதில்தான் வரும். இதை அவர் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள்.

கறுப்பு நாளைக்கு ஏறும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் கேட்டார்கள், அதற்கு மறுநாளும் கேட்டார்கள். கறுப்பு ஏறவே இல்லை. கடைசியில் வாண்டு பென்சிலை எடுத்துக் கரடிக்குக் கண் வைத்தான். ஒரு பக்கத்தில் அது மீனைப் பார்த்தது, ஒரு பக்கத்தில் மேகத்தைப் பார்த்தது, ஒரு பக்கத்தில் ஒன்றரைக் கண்ணாகிவிட்டது. கண் வந்ததும் கதை தானாக வந்தது. அவர் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவிவிட்டுத் தரையில் உட்காருவார். மகள் புத்தகத்தை விரித்து வைத்துச் சொல்லத் தொடங்குவாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர், "அப்புறம்?"

கடைசிப் பக்கத்திலும் "அப்புறம்?"

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்பதை ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி சொன்னாள். கடல். தூங்குகிற ரயில். அங்கேயும் ஒரு கரடி, அதுவும் இந்தப் பக்கம் பார்க்க ஏணி போட்டிருக்கிறது. வாண்டுவைக் கேட்டால் என்றைக்கும் ஒரே பதில்தான்: ஐஸ் கடை.

பள்ளிக்கூடத்தில் எழுத்தைப் பிடித்துக்கொண்டதும் அவள் படத்துக்குக் கீழே இருந்த வெள்ளையில் தானே எழுதினாள், அழித்தாள், எழுதினாள். பிறகு உண்மையான புத்தகத்தைத் தேடினாள். அச்சானதென்றால் எங்கேயாவது இருக்க வேண்டும் இல்லையா? நூலகத்தில் குழந்தைகள் அலமாரியை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். கரடி கிடைக்கவில்லை. தேடிப் போன வழியில் மற்றதெல்லாம் கிடைத்தது. எடுத்ததைத் திருப்பி வைக்க மனமில்லாமல் படித்துப் படித்து, குழந்தைகள் அலமாரியைத் தாண்டி அடுத்ததுக்குப் போனாள். இன்றைக்குக் குடிநீர்க் கட்டண அலுவலகத்தில் அவள் பணம் வாங்கும் மேசையின் இழுப்பறையில் எப்போதும் ஒரு புத்தகம் கிடக்கிறது. வரிசை குறைந்ததும் இழுப்பறை திறக்கும். பழைய புத்தகக் கடை எதைக் கண்டாலும் அந்த நாள்வரைக்கும் குனிந்து ஏணியைத்தான் தேடினாள்.

அன்று காலை அவள் கைப்பையில் அந்தப் பதினாறு பக்கமும் இருந்தது.

நகம் வெட்டி முடித்ததும் அதை எடுத்து, கடைசிப் பக்கத்தை விரித்து, அப்பாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். போர்வையைத் தேடிய விரல்கள் அதன் ஓரத்தைப் பிடித்தன. அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அவள் காதருகே குனிந்தாள். "அப்பா. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?"

அவர் அவளைப் பார்த்தார்.

"அடுத்த ஃபாரத்தையும் நீங்கதானே அச்சடிச்சீங்க. உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

உதடு அசைந்தது. குரல் வர நேரமாயிற்று. "நீ சொல்லு."

"நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன்பா. இந்த ஒரு தடவ நீங்க சொல்லுங்க."

மூச்சு இழுத்து விட்டார். "கரடி... ஏறிடுச்சு." நிறுத்தினார். பிறகு, பழைய மாலைகளில் கேட்ட அதே மாதிரி, கொஞ்சம் புருவத்தைத் தூக்கி, "அப்புறம்?"

அவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் தெரிந்துவைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். போகிற வேளையிலும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

"சொல்லேன்க்கா" என்றான் தம்பி. "ஐஸ் கடைன்னாவது சொல்லிடு."

"இல்ல. இன்னிக்கு அவரே சொல்லட்டும்."

புத்தகத்தை மூடித் தலையணைப் பக்கம் வைத்தாள். வெட்டிய நகங்களைத் தாளில் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குப்பையில் கொட்டினாள். கையைக் கழுவினாள். அடுப்பு மேடையில் பால் சிந்தியிருந்தது, அதையும் துடைத்தாள். அவசரமே இல்லாமல் துடைத்தாள். அவராகக் கூப்பிடட்டும் என்று இருந்தது. கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது போர்வையின் ஓரம் அவர் விரல்களுக்குள் இருந்தது. விரல்கள் அதை உயர்த்தவில்லை. தம்பி அப்பாவின் கணுக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா" என்றான்.

மயானத்துக்கு எடுத்துப்போகும் வண்டி நாலு மணிக்கு வரும் என்றார்கள். அதுவரைக்கும் செய்ய எவ்வளவோ இருந்தது, எதுவுமே இல்லாத மாதிரியும் இருந்தது. தம்பி மாடிப்படியில் நின்று ஃபோனில் ஒவ்வொருவருக்காகச் சொன்னான். மேல் வீட்டுக்காரர் நாற்காலிகளை இறக்கித் தந்தார். வந்தவர்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அமைதியான மனுஷன்" என்றார்கள். ஒருவர் விடாமல் அதையே சொன்னார்கள். மகள் எல்லோருக்கும் தலையசைத்தாள். உள்ளே ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. அவர் கேட்டார், நான் பதில் சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் மை மாமா வந்தார். அச்சகத்தில் மை கலக்கியவர். மை மாமா என்றே வளர்ந்துவிட்டதால் அவருடைய பெயரை யாரும் கேட்டதில்லை. தடியை ஊன்றிக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அப்பாவின் முகத்தை அல்ல, கையைப் பார்த்தார்.

"நகமெல்லாம் சுத்தமா இருக்கு" என்றார். "வேலைல இருந்தப்ப ஒருநாள்கூட இப்படிப் பார்த்ததில்ல. யாரும்மா வெட்டினது?"

"நான்தான் மாமா."

"நல்லது." நாற்காலியில் உட்கார்ந்தார். தலையணைப் பக்கம் கிடந்த புத்தகம் கண்ணில் பட்டது. எட்டி எடுத்தார். ஒரு பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். "அட. நம்ம ஏணிக் கரடி. இதை இன்னுமா வெச்சிருக்கீங்க? இந்த நீலத்தப் பாரு. நான் கலக்கினது. இன்னும் வெளுக்கல."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "மாமா, இதோட அடுத்த ஃபாரத்துல என்ன இருந்துச்சு?"

"அடுத்த ஃபாரமா?"

"கரடி எட்டிப் பாக்குதே. அதுக்கு அப்புறம்."

மை மாமா அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அப்புறம் ஏதும்மா? வேலையே இதோட நின்னு போச்சே. படம் போட்டவருக்கும் புத்தகம் போடுறவருக்கும் ஏதோ சண்டை. மூணு கலர் ஓடி அடுக்கி வெச்சிருந்தோம். கறுப்புக்குப் பிளேட்டே வரல. கொஞ்ச நாள் மூலைல கெடந்துச்சு, அப்புறம் மொத்தத்தையும் எடைக்குப் போட்டாச்சு. உங்கப்பன் ஒரு தாளை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டான்."

"அப்போ கதை?"

"கதைய யாரு கண்டா? எழுத்து வந்தாத்தானே கதை. எங்களுக்கும் மண்டை காஞ்சுபோச்சு, அந்தக் கரடி எதத்தான் பாத்துச்சுன்னு."

தம்பி படியிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றான்.

"உங்கப்பன்தான் ஒண்ணு பண்ணுவான்" என்றார் மாமா. "வாயத் தொறக்காத மனுஷன்தானே? மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மட்டும் தொறப்பான். 'நேத்து பொண்ணு சொன்னா, அந்தப் பக்கம் கடலாம்'பான். மறுநாள் வந்து, 'கடல் இல்லையாம், ரயில் தூங்குதாம்'பான். மிஷினை நிறுத்திட்டுக் கேப்போம். இன்னிக்கு என்னவா இருக்கும்னு ஒரு டீக்குப் பந்தயம் வேற. ஒருத்தன் எப்பவும் ஐஸ் கடைன்னே கட்டுவான். ஜெயிச்சதே இல்ல."

தம்பியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று சொல்ல முடியாது.

"ஒரு தடவ நீ காய்ச்சல்ல படுத்துட்ட. நாலஞ்சு நாள் கதை இல்ல. இவன் வந்து பேசாம சோத்தைத் தின்னுட்டுப் போவான். 'என்னப்பா ஆச்சு கரடி'ன்னு கேட்டா, 'தெரியல, எனக்கும்தான் தெரியணும்'னான்." மாமா புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்தார். "அவனுக்குத் தெரியும்னா நெனச்ச?"

அவள் புத்தகத்தின் பின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். அட்டை என்று அதற்கு ஒன்றும் கிடையாது. கடைசிப் பக்கம்தான் அட்டையும்.

மாமா எழுந்தார். போகிறபோது கட்டிலருகே ஒருமுறை நின்று, போர்வையின் ஓரத்தை அப்பாவின் விரல்களிலிருந்து எடுக்கப் போனார். பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. மகள் எழுந்து, அறையில் இருந்தவர்களைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். கேட்கும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எல்லோரும் போனதும் கதவைச் சாத்தினாள். கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, அப்பாவின் கைக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்தாள். முதல் பக்கம். கரடி வீட்டைவிட்டுக் கிளம்புகிறது. கண் இரண்டும் வாண்டு போட்டவை. ஒன்று ஏணியையும் இன்னொன்று வாசலையும் பார்த்தன.

அவர் காதுக்கு எட்டும்படி, சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்.

ஒரு பக்கம் முடிந்ததும் நிறுத்தினாள். ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இருந்தாள். பிறகு தாளைத் திருப்பினாள். மீன்காரி. பூனை. மழை.

பாலத்துக்கு வந்தபோது கதவு திறந்தது. தம்பி. "அக்கா, வண்டி..." என்று தொடங்கியவன், விரிந்திருந்த பக்கத்தைப் பார்த்தான். கதவை முதுகுக்குப் பின்னால் சாத்திவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சின்ன வயதில் அவன் உட்காரும் பக்கம் அதுதான். அவள் சொல்வதை நிறுத்தவில்லை.

வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது.

அதன் பிறகு சொல்லும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மை மாமா மறு வருஷம் மழைக்காலத்தில் இறந்துபோனார். அச்சகம் இருந்த இடத்தில் இப்போது வண்டிகளை நிறுத்துகிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். தம்பி இன்னும் லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிறான். வாண்டு என்று கூப்பிட அக்கா ஒருத்திதான் மிச்சம். அவள் அதே மேசையில் பணம் வாங்குகிறாள், வரிசை குறைந்தால் இழுப்பறையைத் திறக்கிறாள். பழைய புத்தகக் கடைகளில் குனிவதை மட்டும் விட்டுவிட்டாள். புத்தகம் தம்பியின் சின்ன மகளிடம் இருக்கிறது. அவள் பழைய கண்களையெல்லாம் அழித்துவிட்டுத் தனக்குப் பிடித்த மாதிரி வேறு கண்கள் போட்டிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் மட்டும் எதையும் வரையவில்லை.