மயில்கழுத்து நிறம்

இந்தத் தடவையும் ‘சரி அண்ணி’ என்றுதான் வாயில் வரப்போகிறது, வந்துவிட்டால் அப்புறம் விழுங்க முடியாது என்று நினைத்துக்கொண்டே அவள் பித்தளை இலையைச் சாமணத்தால் எடுத்தாள். வாழ்த்து அட்டையில் ஒட்டுகிற இலை; நகத்தளவுதான். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் இரண்டு பக்கமும் துடைத்தாள். பிசுக்கு இருந்தால் மை பிடிக்காது.

எதிரே கணவனின் அக்கா சாவகாசமாகச் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மகளிர் மன்றத்தில் உலோகப் பூக்களுக்கும் இலைகளுக்கும் நிறம் ஏற்றிக் காட்டப் போகிறாளாம். வருடக் கணக்காக இவள் செய்து கொடுத்த அட்டைகளை, “சும்மா பொழுது போகலன்னு செஞ்சேன்” என்று உறவு முழுக்கக் கொடுத்து அண்ணி பேர் வாங்கியிருந்தாள். முதல் அட்டையைக் கேட்டபோது இவளுக்கு உள்ளூரப் பெருமைதான். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இன்னொருத்தி ஆசைப்படும் அளவுக்கு நன்றாக வந்திருக்கிறதே. அந்தப் பெருமையிலேயே காலம் ஓடிவிட்டது. போன பிறந்தநாளில் மாமியார் அப்படியொரு அட்டையை எல்லோருக்கும் காட்டிவிட்டு இவள் பக்கம் திரும்பி, “நீயும் இவகிட்ட ஏதாவது கத்துக்கலாம்ல” என்றார். கணவன் டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு, காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தான். இவள் சிரித்துவைத்தாள். அன்று இரவு தாடை வலித்தது.

அண்ணியின் திட்டம் சுலபமானது. இலைகளை இவள் முன்கூட்டியே செய்து கொண்டுவந்துவிட வேண்டும். அண்ணி ஒன்றில் மை விடுவதுபோல் காட்டிவிட்டு, தயாராக இருப்பதைத் தட்டிலிருந்து எடுத்து நீட்டுவாள். இவள் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்தால் போதும்.

“நீ வாயே திறக்க வேணாம். நாலு பேர் முன்னாடி உனக்கு நாக்கு ஒட்டிக்குமே, அதையும் நானே பாத்துக்கறேன்.”

ஒட்டிக்கொள்ளும்தான். இவள் ஒரு சொட்டு நீலம் விட்டாள். அது காய்வதற்குள் பச்சை. இரண்டும் முட்டுகிற ஓரத்தில் மயில்கழுத்து நிறம் பிறக்கும். எந்த நொடியில் சாய்க்க வேண்டும் என்பது எத்தனையோ இலைகளைப் பாழாக்கிக் கைக்குத் தெரிந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். பசி மாதிரி எளிமையான ஒன்றுதான் வந்தது. அந்த மேஜைக்கு முன்னால் தான் உட்கார வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும்.

“என்ன, பேச்சையே காணோம். செஞ்சிடுவல்ல?”

“இல்ல அண்ணி.”

அண்ணி முதலில் வேடிக்கை என்று நினைத்தாள். பிறகு, பேர் போட்டு நோட்டீஸ் அடித்தாகிவிட்டதைச் சொன்னாள். தம்பியிடம் பேசட்டுமா என்றாள். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

“என் மானம் போயிடும்டி. இந்த ஒரு தடவை மட்டும்.”

“நீங்களே செய்யறதா இருந்தா இப்பவே உக்காருங்க, சொல்லித் தரேன். இல்லன்னா நான் வந்து எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டறேன். செஞ்சு வெச்சுத் தர மாட்டேன்.”

தன் குரல் உயரவில்லை என்பதை இவளே கவனித்தாள். அண்ணி எழுந்துகொள்ளவும் இல்லை, நாற்காலியை நெருக்கிப் போடவும் இல்லை. இவள் இன்னோர் இலையை எடுத்து, நீலமும் பச்சையும் விட்டு, சாமணத்தைச் சற்றே சாய்த்தாள். பச்சை, நீலத்தின் ஓரம்வரை வந்து, தயங்கி நின்று, மெல்ல உள்ளே நுழைந்தது.