தலைவர் உரை, ஒரே சிடியில்

தமிழ்கூறும் நல்லுலகம் சற்றே எழுந்து நிற்கவும். கிள்ளான் வரலாற்றில் முதல் முறையாக, இரண்டு மணி நேரப் பெருமையொன்று உள்ளங்கை அகல வீசிடியில் அடைக்கப்பட்ட செய்தியை இதனால் அறிவிக்கிறேன். உட்காரலாம்.

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. 1998இல் எங்கள் நற்பணி மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஓட்டுப்போடப் போனபோது பிறந்தது. (மன்றத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். ஒன்றரை வரி நீளம்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பிரிக்பீல்ட்ஸ் மாலை வெயிலில் ஆயிரம் கனவுகளைச் சுமந்தபடி வேலாயுதம்...” வேண்டாம். அவர் சுமந்தது தன் மணிவிழா வீடியோ கேசட் ஒன்று. கனவும் ஒன்றுதான்: ஏழாவது முறையும் மன்றத் தலைவராவது. கேசட்டை அப்படியே போட்டுக் காட்டியிருக்கலாம். ஆனால் எதிர்த்து நின்ற பழனியப்பன், ‘தலைவர் பழைய காலத்து ஆள்’ என்று சொல்லித் திரிந்தார். ஆகவே தேர்தலன்று அந்த விழாவைப் புதுப் பாணியில், வீசிடியில் காட்டி அவர் வாயை அடைக்க வேலாயுதம் முடிவெடுத்தார்.

2

கேசட்டை வீசிடியாக மாற்றித்தரும் கடையில் கணினிமுன் தனலெட்சுமி.

“ஒரு சிடியில எழுவத்து நாலு நிமிஷம்தான் அங்கிள். ரெண்டு சிடி வேணும்.”

“தலைவர்னு சொல்லும்மா. ரெண்டாவது சிடிய எவன் எந்திரிச்சுப் போய்ப் போடுவான்?”

“அப்ப கட் பண்ணலாம் லா. பொன்னாடை மட்டும் நாப்பத்தி ரெண்டு இருக்கு.”

“நாப்பத்தி ரெண்டும் நாப்பத்தி ரெண்டு ஓட்டும்மா!”

“அப்ப உங்க பேச்சு?”

[இங்கே அவர் கண் கலங்கியதாக எழுதி, அடித்துவிட்டேன். முறைத்தார்; அவ்வளவுதான்.]

“சரி, நெருக்கிடறேன். படம் ஒடைஞ்சா என்னைக் கேக்கக் கூடாது, தலைவர் அங்கிள்.”

நெருக்குவது இப்படி: அசையாததைக் கணினி ஒருமுறைதான் எழுதும், அப்புறம் ‘முன்போலவே’ என்று தாண்டிவிடும். அசைவதைத்தான் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். இடம் போதாவிட்டால் அதைக் கட்டம் கட்டமாக்கிவிடும். (இந்த ஞானம் எங்கள் ஆண்டறிக்கைக்கு இருந்திருந்தால் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.)

3

வேலாயுதம் இரண்டு கையாலும் பேசுகிறவர். எனவே தேர்தல் நாளான ஞாயிறன்று திரையில் ஏற்புரை ஆற்றியது, மாலை போட்ட கட்டங்களின் குவியல். குரலும் நெருக்கப்பட்டு மைலோ டின்னுக்குள்ளிருந்து வந்தது. அதே படத்தில் பின்வரிசையில் அசையாமல் தூங்கிய மன்றச் செயலாளர் இராமலிங்கமோ மீசை முடி எண்ணுமளவுக்குத் துல்லியம்.

“அலோ, அது தலைவரா, குளியலறை மொசைக்கா?”

“மீசைக்காரர் கிளியரா இருக்காரு லா. அவருக்கே ஓட்டப் போட்ருவோம்!”

“நிறுத்தவா தலைவரே?” என்றார் படம் போட்டவர்.

“முழுசா ஓடணும்!” என்றார் வேலாயுதம்.

பழனியப்பன் முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார். உரையின் இருபத்து மூன்றாவது நிமிடத்தில் நான் எழுந்து காப்பாரிலுள்ள வீட்டுக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டேன்.

4

அதனால் முடிவை நான் பார்க்கவில்லை. வாசகரே, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அ) வேலாயுதம் தோற்றார், கட்டங்கள் கவிழ்த்தன. ஆ) ஜெயித்தார், முகம் தெரியாததால் யாருக்கும் பழைய கோபம் வரவில்லை. இ) இராமலிங்கம் தலைவராகி, விழித்தெழுந்து, சபையைப் பார்த்து...

எதுவானாலும் எனக்குச் சம்மதம். மன்றக் குறிப்பேட்டில் உள்ளது இது: படம் தொடங்கியபோது அறுபத்தொரு பேர், முடிந்தபோது பதினொரு பேர். சட்டப்படி இருபத்தைந்து பேர் வேண்டும். தேர்தல் நடக்கவில்லை.