அப்பாதுரையை வரைந்த சனிக்கிழமைகள்

தாத்தாவின் சட்டையைக் கழற்றச் சொல்லலாமா என்று சாந்தமதி கேட்டபோது சங்கவி ஒரு கணமும் யோசிக்கவில்லை. "எலும்பு, தசையெல்லாம் நேர்ல பாத்தாதான மிஸ் பசங்களுக்குப் புரியும்," என்று சொல்லிக்கொண்டே மாமனாரின் அருகில் குனிந்து பொத்தான்களை அவிழ்க்கத் தொடங்கினாள். அப்பாதுரை வீட்டிலும் தேய்த்த வெள்ளை முழுக்கைச் சட்டையில்தான் இருப்பார். பக்கவாதம் வந்து இடது கை விழுந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. காலையில் சட்டை மாட்டிவிடும் ஆள் வரும்வரை அறையைவிட்டு வெளியே வரமாட்டார். "இன்னாத்துக்கும்மா இதெல்லாம்," என்றார். கோணிய வாயிலிருந்து வார்த்தைகள் குழைந்து வந்தன. "பாடம் மாமா. பத்து நிமிஷம்." சட்டை கழன்றது. நெஞ்சின் நரை மயிர், தொங்கிய தோல், எலும்பு புடைத்த தோள்கள், வலப்பக்கத்தைவிடச் சற்றே கீழிறங்கிய இடது தோள் எல்லாம் கிழக்கு ஜன்னலின் வெளிச்சத்தில் தெரிந்தன. எதிரே சங்கவியின் பெண்கள் ஆதிரையும் மகிழும் முக்காலிகளில் அமர்ந்து பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி அளவெடுத்தார்கள். மூத்தவளுக்குப் பதினொன்று, இளையவளுக்கு எட்டு.

சாந்தமதி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து ஆண்டுகளாக அவள் மனதில் ஒத்திகை பார்த்துவந்த எந்தக் காட்சியும் இவ்வளவு எளிதாக இருந்ததில்லை.

1999இல் அவள் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர். வயது இருபத்தெட்டு. சொந்த ஊர் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரான நயினார் குடும்பம். ஜனவரியில் எட்டாம் வகுப்பைச் செஞ்சிக்கோட்டைக்கு அழைத்துப்போன பேருந்து திரும்பும் வழியில் சித்தாமூரில் நின்றது. பாறையில் செதுக்கிய சமண முனிவர் பாகுபலியின் முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்து, "தெரிஞ்சத வரையாதீங்க, பாக்கறத வரைங்க," என்றாள். அவர்கள் பார்த்ததை வரைந்தார்கள். கால்களில் ஏறும் கொடியை, முழங்கால்வரை தொங்கும் கைகளை, துணியில்லாத உடம்பை. அடுத்த வாரம் ஒரு மாணவியின் தகப்பனார் டிராயிங் நோட்டைக் கொண்டுவந்து கரஸ்பாண்டென்ட் மேஜையில் போட்டார். கரஸ்பாண்டென்ட் அப்பாதுரை அவளிடம் விளக்கம் கேட்கவில்லை. திங்கட்கிழமை பிரேயரில் மைக் முன்னால் நிறுத்தி, எல்லா நோட்டுகளையும் கொண்டுவரச் செய்து, அந்தப் பக்கங்களை அவள் கையாலேயே கிழிக்கவைத்தார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததைப் படிக்கச் சொன்னார். "நான் மாணவர்களை அசிங்கமான படம் வரைய வைத்தேன். அது சாமி படம் இல்லை. மன்னித்துவிடுங்கள்." அவள் படித்தாள். வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் படித்தாள். வேலை அன்றைக்கே போயிற்று. அனுபவச் சான்றிதழையும் அவர் கடைசிவரை தரவில்லை.

அவளுடைய அப்பா ஜினதத்தன் அன்று திண்டிவனம் சந்தைக்கு மல்லாட்டை மூட்டை போட வந்தவர், அவள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு கேரியரைக் கொடுக்கப் பள்ளி வாசலில் நின்றிருந்தார். மதில்மேல் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் மகளின் குரலைக் கேட்டார். வீட்டுக்கு வந்து, எப்போதும்போல இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்து, கை கழுவியபடி ஒன்றே ஒன்று கேட்டார்: "உன் வாயாலியே சொன்னியாம்மா?" அதற்குப் பிறகு ஏழு வருஷம் உயிரோடிருந்தார். பேசினார், சிரித்தார், அவள் விழுப்புரத்தில் தனியாக வீடு எடுத்தபோது சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டார். ஆனால் கோயிலுக்கு வா என்று ஒரு நாள்கூட அவளைக் கூப்பிடவில்லை. கோபத்தை விடு என்று அவளுடைய மதம் சொல்கிறது என்பதை அவள் அறிவாள். விடுவதற்கு இடம் கிடைக்காத கோபத்தை என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

விழுப்புரத்தில் லோயர், ஹையர் டிராயிங் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தே காலம் ஓடியது. 2013 கடைசியில் சங்கவி போன் செய்தாள். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே நிலத்தில் வீடு கட்டிக் குடியேறியிருப்பதாகவும், இரண்டு பெண்களையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பதாகவும், ஓவியத்தின் அடிப்படையும் பழைய ஓவிய வரலாறும் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றும் சொன்னாள். "ஸ்கூல்னாலே மனசு நசுங்கிடுது மிஸ். எங்க மாமனாரே ஸ்கூல் நடத்தினவரு, அவுருக்கு இதுல ரொம்ப பேஜாரு," என்று சிரித்தாள். மாமனார் பெயரைக் கேட்ட பிறகு சாந்தமதி, சனிக்கிழமைகளில் வர முடியும் என்றாள்.

முதல் நாள் அப்பாதுரை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்து, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "விழுப்புரம் சார்," என்றாள். "சரி சரி," என்று செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார். அடையாளம் தெரியாமல் போனால் நல்லது என்றுதான் பேருந்தில் நினைத்துக்கொண்டு வந்தாள். தெரியாமலே போனபோது அந்தப் பக்கங்களை இன்னொரு முறை கிழித்ததுபோல இருந்தது.

பாடத்தை மட்டும் அவள் ஏமாற்றவில்லை. கோடு, வட்டம், உருளை, வெளிச்சம், நிழல் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தாள். சங்கவி இணையத்திலிருந்து எடுத்த பட்டியலில் குகை ஓவியம், எகிப்து, கிரேக்கம் இருந்தன. எகிப்தியர்கள் முகத்தைப் பக்கவாட்டிலும் கண்ணை நேராகவும் வரைந்ததைப் பார்த்து மகிழ் உருண்டு சிரித்தாள். கிரேக்கச் சிலைகளைச் சங்கவி பெரிய தாளில் அச்செடுத்து வந்து கூடத்துச் சுவரில் ஒட்டினாள். உடையில்லாத ஆண்கள், ஈட்டியோடும் வட்டோடும் நின்றார்கள். அப்பாதுரை கைத்தடியை ஊன்றி அந்தச் சுவரைக் கடந்துதான் சாப்பிடப் போவார். நிமிர்ந்து பார்ப்பார், எதுவும் சொல்லமாட்டார். மருமகள் ஒட்டியது. அந்த மௌனத்தைப் பார்த்த அன்றுதான், மனித முகம் வரையப் பழக வேண்டும், ஆடாமல் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று சாந்தமதி சொன்னாள். வீட்டில் ஆடாமல் உட்காரக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

முதலில் பத்து நிமிஷம், பிறகு இருபது, பிறகு முக்கால் மணி. முகம், கழுத்து, சட்டையில்லாத உடம்பு. "வாய் நேராவா இருக்கு, ஆதிரை? நல்லா பாரு," என்பாள். ஆதிரை அழித்துவிட்டு, வாயைக் கோணலாகவே வரைவாள். ஓரத்தில் வழிந்த எச்சிலுக்கு ரப்பர் முனையால் ஒரு வெள்ளைப் புள்ளி எடுத்துக் காட்டினாள் சாந்தமதி. முடிந்ததும் படங்களை அவர் முன்னால் பிடிப்பார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நல்லாக்கீதும்மா," என்பார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்பதற்காகவே அவள் பேருந்தில் நின்றுகொண்டு வந்தாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, முக்கால் மணி முடியும் நேரத்தில் அவர் நெளிந்தார். வலது கையால் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கினார். அவருக்கு என்ன தேவை என்று சாந்தமதிக்குப் புரிந்தது. பேத்திகளின் முன்னால் அவர் அதைக் கேட்கமாட்டார் என்பதும் புரிந்தது. "இன்னும் அஞ்சு நிமிஷம் சார். ஆடினா நிழல் மாறிடும்," என்றாள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி ஐந்து நிமிஷம் என்றாள். வேட்டியின் மடிப்பில் ஈரம் இறங்கியது. நாற்காலிக் காலை ஒட்டித் தரையில் கோடாக ஓடியது. மகிழ் பென்சிலை நிறுத்தினாள். "மிஸ், தாத்தா..." "வரையறப்ப பேசக்கூடாது," என்றாள் சாந்தமதி. அப்பாதுரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை.

அன்று திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். விழுப்புரம் வரும்வரை ஜன்னல் காற்றில் முகத்தைக் கொடுத்திருந்தாள். தூக்கம் நன்றாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் போனபோது அவர் ஏற்கெனவே சட்டையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவராகவே வந்து உட்கார்ந்தால் இதில் என்ன இருக்கிறது? பிள்ளைகளைக் கரித்துண்டு எடுத்துவர அனுப்பிவிட்டு அவருக்கு எதிரில் போய் நின்றாள்.

"என்ன யாருன்னு தெரியுதா சார்?"

"டீச்சரு."

"ஒங்க ஸ்கூல்ல இருந்தேன். தொண்ணூத்தொம்போதுல. சித்தாமூரு ஜினதத்தன் பொண்ணு. பிரேயர்ல படத்தையெல்லாம் கிழிக்க வெச்சீங்க. மைக்ல படிக்க வெச்சீங்க."

அவர் வெகுநேரம் அவளைப் பார்த்தார். உண்மையாகவே தேடினார், அது தெரிந்தது. நெற்றி சுருங்கி, விரிந்தது. "எத்தினியோ பேர நிறுத்தியிருக்கேம்மா," என்றார். "ஞாபகம் வர்ல."

பிள்ளைகள் கரித்துண்டோடு திரும்பினார்கள். சாந்தமதி வரைய விடவில்லை. இன்றைக்கு வரலாறு என்றாள். பாறையில் நின்ற ஒருவரைப் பற்றி, அவர் காலில் ஏறிய கொடியைப் பற்றி, அவரை வரைந்த பிள்ளைகளைப் பற்றி, திங்கட்கிழமை பிரேயரைப் பற்றிச் சொன்னாள். வாசலில் கேரியரோடு நின்றவரைப் பற்றியும் சொன்னாள். பெயர்களைச் சொல்லவில்லை. குரல் எங்கேயும் உயரவில்லை.

"அந்த டீச்சர் ஏன் மிஸ் படிச்சாங்க?" என்று மகிழ் கேட்டாள்.

"பயம்."

"படிக்க வெச்சவரு யாரு?" இது ஆதிரை. கேட்கும்போதே அவள் தாத்தாவைப் பார்த்துவிட்டாள். மிஸ் இவ்வளவு நேரமும் யாரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள் என்பதை வரையப் பழகிய கண் கவனித்திருந்தது. "தாத்தா, நீங்களா?"

இல்லை என்று சொல்வார், அல்லது வாய் குழறுவதைச் சாக்காக வைத்துச் சும்மா இருந்துவிடுவார் என்று சாந்தமதி எதிர்பார்த்தாள். அவர் நல்ல கையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாபகம் இல்லம்மா. ஆனா செஞ்சிருப்பேன்."

ஆதிரை கரித்துண்டை முக்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மகிழ் அக்காவின் பின்னால் போனாள். சமையலறை வாசலில் சங்கவி நின்றிருந்தாள், எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. வந்து மாமனாருக்குச் சட்டையை மாட்டிவிட்டாள். சாந்தமதியைப் பேருந்து நிறுத்தம்வரை ஸ்கூட்டரில் கொண்டுவிட்டவள், அவள் இறங்கும்போது கேட்டாள்.

"எங்க வீட்டுக்கு வந்ததே இதுக்குத்தானா மிஸ்?"

"ஆமா."

"அப்ப பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?"

"அதுல பொய் இல்ல."

சங்கவி ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றாள். "போன வாரம் நாற்காலிய நான்தான் கழுவினேன். அவுருக்குத்தான் முடியலன்னு நெனச்சேன்." பேருந்து வந்துவிட்டது.

இனிமேல் கூப்பிடமாட்டார்கள் என்றுதான் இருந்தாள். மூன்றாவது வாரம் போன் வந்தது. ஆதிரை வரையவே மாட்டேன் என்கிறாள், தாத்தா பக்கமும் போவதில்லை, மகிழ் மட்டும் அவருக்குக் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு நிற்காமல் வந்துவிடுகிறாள் என்றாள் சங்கவி. "அவுரு சாப்பாட்டயும் ரூமுக்கே கேக்கறாரு." குரலில் குற்றச்சாட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "கீழ்வாலை பாறை ஓவியத்தப் பாக்கக் கூட்டிக்கினு போறேன்னு சொல்லியிருந்தீங்க. அதையாவது முடிச்சிக் குடுங்க மிஸ். ஆதிரை அதுக்கு மட்டும் வர்றேங்கறா." போனை வைத்த பிறகு சாந்தமதி, தனி அறையில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அப்பாதுரையை நினைத்துப் பார்த்தாள். நினைக்க இனித்தது. மறுபடி நினைத்தாள். மறுபடியும் இனித்தது.

சங்கவியின் கணவன் சந்தோஷ் காரை ஓட்டிவந்தான். பின்சீட்டில் அப்பாதுரை வெள்ளைச் சட்டையில் இருந்தார். வீட்டில் தனியாக விட்டுவர முடியாது. விழுப்புரத்தில் ஏறிக்கொண்ட சாந்தமதிக்கு முன்சீட்டு. கீழ்வாலையில் பாறைகளின் அடியில் காரை வேப்பமர நிழலில் நிறுத்தி, அப்பாதுரையை அதிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறினார்கள். பாறைச் சரிவில் மங்கிய சிவப்புக் கோடுகளில் மனிதர்கள் இருந்தார்கள். பறவை மூக்கு வைத்த முகங்கள், ஒரு விலங்கின்மேல் ஏறிய ஒருவன். "எந்தக் காலத்துல மிஸ்?" என்றாள் மகிழ். "எழுத்துக்கு முன்னாடி." ஆதிரை எதுவும் கேட்கவில்லை. பாறைக்கு எதிரே சம்மணமிட்டு நோட்டைத் திறந்தாள். சற்று நேரத்தில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. சந்தோஷும் சங்கவியும் பாறையின் மறுபக்கம் போயிருந்தார்கள்.

சாந்தமதி விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். காரின் பின்கதவு திறந்திருந்தது. தண்ணீர் பாட்டில் எப்படியோ சீட்டிலிருந்து உருண்டு வெளியே மண்ணில் விழுந்து கிடந்தது. வெள்ளைச் சட்டைக்கை ஒன்று கதவுக்கு வெளியே நீண்டு, விரல்களை விரித்து, மண்ணுக்கு மேலே காற்றில் தேடியது. எட்டவில்லை. கை உள்ளே போயிற்று. மறுபடி வந்தது. அவர் மேலே பார்க்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. இறங்கிப் போனால் இரண்டு நிமிஷம். பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னால் அதுகூட வேண்டாம்.

அவள் பாறையில் உட்கார்ந்து பையிலிருந்து நோட்டை எடுத்தாள். தனக்கென்று அவள் எதையும் வரைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. முதலில் மணிக்கட்டு. பிறகு, இழுபட்டு நிற்கும் அந்த நடுவிரல்.