கொள்ளிடம் பாலத்தில் ஒரு மஞ்சள் புடவை

வீரமலை சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினான். கொள்ளிடம் ரயில் பாலத்தின் நடுவே, தண்டவாளத்தை ஒட்டி ஒரு மஞ்சள் புடவை நடந்து போய்க்கொண்டிருந்தது. சென்னை எக்ஸ்பிரஸ் வரும் நேரம்.

"ஏம்மா! காது கேக்கல? ஒதுங்கும்மா!"

அவள் பதறவில்லை. தண்டவாள ஆட்கள் ஒதுங்கி நிற்பதற்காகப் பாலத்தின் ஓரம் துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு மேடையில் ஏறி நின்றுகொண்டாள். பழகிய கால்! மூச்சிரைக்க வீரமலையும் ஏறினான்.

"சாவுறதுக்கு வேற இடம் கிடைக்கலையா? என் வேலை போயிடும்ங்க!"

"சாவ வரல தம்பி. கேஸ் போடுறதுன்னா போட்டுக்க. பேரு செல்லக்கிளி, ஊரு திருவானைக்காவல். இந்த வண்டியில என் மகன் வரான். மருமக ரகசியமா போன்ல சொன்னா."

"ஜங்ஷன்ல போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"போனேன். முகத்தைத் திருப்பிக்கிட்டான். இங்கன்னா முடியாது."

கீழே தண்ணீர் இல்லை. வெயிலில் வெளுத்த மணல். பக்கத்திலேயே, பழைய பாலத்தின் தூண்கள் சுமக்க எதுவும் இல்லாமல் வரிசையாக நின்றன.

"அதுல எங்க வீட்டுக்காரர் உன்ன மாதிரி கேங்மேன். சோறு கொண்டாந்து இந்த மாதிரி மேடையிலதான் குடுப்பேன். புதுப் பாலம் வந்ததும் பழசைப் பிரிச்சாங்க. மூணாவது தூண் தெரியுதா? அங்க இரும்பு கர்டரை இறக்கயில அவரும் சேந்து இறங்கிட்டார்."

வீரமலை மூன்றாவது தூணைத் திரும்பிப் பார்த்தான். பாலம் அதிர்ந்தது.

ஹாரன்! காதைக் கிழிக்கிற மாதிரி, நீளமாக, விடாமல். செல்லக்கிளி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இன்ஜின் கடந்த மறுநொடி ரயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் ஜன்னலாக முகங்கள் ஓடின. அவள் தலையைத் தூக்கவே இல்லை.

சத்தம் ஸ்ரீரங்கம் பக்கம் போய் அடங்கியது. மறுபடி காற்று மட்டும்.

"என்னம்மா, இவ்ளோ தூரம் வந்து பெட்டியையே பாக்கல? மகனை விட்டுட்டீங்களே!"

அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அவங்கப்பா போனதுக்கப்புறம், ரயில் வேலைக்குப் போனா என் வாசப்படி ஏறாதடான்னு சொன்னேன். போனான். ஏறல. ஒரு வார்த்தை பேசல."

"சரி, இங்க நின்னா மட்டும் பேசிடுவாரா?"

"பாலத்துல ஆள் நின்னா ஹாரன் அடிச்சுத்தானே ஆகணும்? இந்த வண்டிய ஓட்டிட்டுப் போறது அவன்தான் தம்பி."