முகூர்த்தம் கடந்துவிட்டது

"என்னமோ சொல்ல வந்தீங்களே அருள்?"

"ஒண்ணும் இல்லீங்க. டீ ஆறுது, குடிங்க."

"சும்மா சொல்லுங்க. நான் என்ன கடிச்சா வெக்கப் போறேன்?"

"அப்புறம் சொல்றேன் எழில்."

மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரத்து டீக்கடையில் நடந்த இந்தப் பேச்சுக்கு இரண்டு வயதாகிவிட்டது. அந்த 'அப்புறம்' மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அருள்முருகன் ஒருமுறை வாயைத் திறந்துவிட்டால், வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசச் சொல்லிவிடலாம் என்று எழிலரசியும் அன்றிலிருந்து காத்திருந்தாள். இப்போது, வரும் ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டி முந்திரி வியாபாரி வீட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருவதற்கு முன்பே அவர்கள் அனுப்பிவைத்த பலாப்பழம் வீடு முழுக்க மணத்துக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில்தான் சர்வர் மக்கர் செய்தது.

இருவரும் வேலை பார்த்தது, அந்த டீக்கடைக்கு எதிரே, கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு ஆப் செய்து தரும் சின்னக் கம்பெனியில். அவர்கள் எழுதுகிற புரோகிராமைத் தினமும் ஒரு தனிக் கம்ப்யூட்டர் தானாகவே சோதித்துப் பார்க்கும். அதற்குப் பெயர் பில்ட் சர்வர். போன மழைக்கு ஆபீசுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறியதும், முதலாளி கார்த்திகேசன் அதைச் சிதம்பரத்தில் அருள்முருகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எழிலரசியின் லேப்டாப்பில் எல்லாச் சோதனையும் பச்சை. சிதம்பரத்தில் மட்டும் சிவப்பு. ஒருவர் மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆப் அதைப் பத்து நிமிடம் அவர் பெயரில் பிடித்து வைக்கும். அதற்குள் பணம் கட்டாவிட்டால் 'முகூர்த்தம் கடந்துவிட்டது' என்று கைவிரிக்கும். சர்வரோ மண்டபத்தைப் பிடித்த அதே நொடியில் முகூர்த்தம் கடந்துவிட்டது என்றது. புரோகிராமை வரிவரியாகப் படித்தார்கள். அருள்முருகன் வீட்டில் சர்வருக்குப் பூசணிக்காய்கூடச் சுற்றி உடைத்தார்கள். சிவப்பு அசையவில்லை.

"மாப்ள சட்டை போடறதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிட்டுதுன்னு சொல்ற ஆப்ப எவம்மா வாங்குவான்?" என்றார் கார்த்திகேசன். "ரெண்டு பேரும் சிதம்பரத்துக்கே போய்ப் பாத்துட்டு வாங்க."

சனிக்கிழமை போனார்கள். வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், திரை முழுக்கப் பெரிய கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது சர்வர்.

"வாம்மா. மணி ஒண்ணு ஆயிட்டுது, மொதல்ல சாப்புடு" என்றாள் அருள்முருகனின் அம்மா மாலதி.

எழிலரசி தன் போனைப் பார்த்தாள். பன்னிரண்டரைகூட ஆகவில்லை. திரையைப் பார்த்தாள். ஒன்றைத் தாண்டியிருந்தது.

"அருள், இந்த மிஷினோட கடிகாரம் அரமணிக்கு மேல முன்னாடி ஓடுது! மண்டபத்தப் புடிச்ச நேரம் நெட்லேருந்து சரியா வருது, கெடுவ மட்டும் இது தன் கடிகாரத்துல பாக்குது. பத்து நிமிஷம் இதுக்கு எப்பவோ முடிஞ்சிருக்கும்."

அப்பா சிங்காரம் தொண்டையைச் செருமினார். "நாந்தாம்மா. ஹால் கடியாரம் நின்னுபோச்சு, எல்லாரும் இதத்தான் பாக்குறம். பையன் பஸ்ஸ வுட்டுடறானேன்னு பத்து நிமிஷம் கூட்டி வெச்சேன்."

"நீங்களுமா?" மாலதி கரண்டியோடு திரும்பினாள். "நீங்க வேளைக்கு மாத்திர போடறதில்லன்னு நானும் இலக்கியாவ வுட்டுப் பத்து நிமிஷம் தள்ளச் சொன்னேனே!"

"அது உன் பங்கும்மா" என்று உள்ளேயிருந்து தங்கை இலக்கியாவின் குரல் வந்தது. "அண்ணன் பாத்ரூம வுட்டு வெளிய வரட்டும்னு என் பங்குக்கு ஒரு பத்து, தனி."

"ஏண்டி, ஒரு வார்த்த சொல்ல வேணாம்?"

"சொன்னா எல்லாரும் மனசுலயே கழிச்சிக்குவீங்க. அப்புறம் வெச்சி என்னா புண்ணியம்?"

"அது நாயந்தான்" என்றார் சிங்காரம்.

எழிலரசி கூட்டிப் பார்த்தாள். "முப்பதுதான் வருது. இன்னும் ஒம்போது நிமிஷம் இடிக்குதே?"

அருள்முருகன் ஒரு வயரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"அருள்?"

"பத்துக்குள்ள இருந்தா டெஸ்ட் ஓடிடும்னு கணக்குப் போட்டுத்தாங்க ஒம்போது வெச்சேன். இவுங்க எல்லாம் வெச்சிருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க எதுக்கு வெச்சீங்க?"

வயர் பளபளத்தது. அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "காலையில உங்க பஸ் வர்றதுக்குள்ள நான் டீக்கடைக்கு வந்துடணும். சீக்கிரம் கெளம்புனா எதுக்குன்னு வீட்ல கேப்பாங்க. மணி ஆயிட்டுதுன்னா யாரும் கேக்க மாட்டாங்கல்ல."

இலக்கியா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மாலதி சாம்பார்ச் சட்டியை அப்படியே கீழே வைத்தாள். சிங்காரம் மட்டும், "எந்த டீக்கட?" என்றார்.

எழிலரசி கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பிவைத்து, சோதனையை ஓடவிட்டாள். ஒவ்வொரு வரியாகப் பச்சை ஏறியது. கடைசி வரியும் ஏறியது.

"அப்ப இன்னும் சாப்பாட்டு நேரமே ஆவலியா?" என்று மாலதி கவலைப்பட்டாள்.

"எழில்..." என்றான் அருள்முருகன்.

"சொல்லுங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், பச்சைத் திரையைப் பார்த்தான். "ஒண்ணும் இல்லீங்க. அப்புறம் சொல்றேன்."

ஒரே கூரையின் கீழ் நான்கு பேர், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லாமல், கடிகாரத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் வீட்டுப் பலாப்பழத்தின் மணம் நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷமாகத் தான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தோம்?

லேப்டாப்பை மூடினாள்.

"அருள், நாளைக்கு என்னப் பாக்கப் பண்ருட்டியிலேருந்து வர்றாங்க. அவுங்க வர்றதுக்கு முன்னாடி நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. வந்து, எங்க அப்பாகிட்ட என்னப் பொண்ணு கேளுங்க."